ஊலர் ஏரி: அதன் நீரும் நிலமும்

இந்தியாவிலுள்ள நன்னீர் ஏரிகளுள் மிகப் பெரியதெனக் கூறப்படும் ஊலர் ஏரியின் பரப்பு யாது என்று ஒருவர் வினவினால், அதற்கு ஒரே எண்ணை விடையாகக் கூறுதல் இயலாது. 30 சதுர கிலோமீட்டர் என்று ஓரிடத்திலும், 189 சதுர கிலோமீட்டர் என்று மற்றோரிடத்திலும் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இவ்விரண்டனுள் எதுவும் பிழையன்று. குளிர்காலத்தில் மலைகளின்மீது நீர் பனியாக உறைந்து நின்றுவிடுகிறது. அப்போது ஏரி சுருங்கி, அதன் விளிம்பெங்கும் சேறும் புல்லும் வெளிப்படுகின்றன. வசந்த காலத்தில் பனி உருகத் தொடங்கியதும் ஆறுகள் பெருகுகின்றன. ஏரி தன் கரையைக் கடந்து மீண்டும் பரவுகிறது. ஆண்டுதோறும் நிகழும் இந்தப் பெருகலும் சுருங்கலும் ஏரியின் குறைபாடுகள் அல்ல. அதன் இயல்பே அதுவாகும். இவ்வியல்பை அறியாமல், நீர் விலகிய இடத்தையெல்லாம் நிலமென்று கணக்கிட்டதனால் விளைந்த கேடுகளே ஊலரைப் பற்றி இன்று பெரிதும் பேசப்படுகின்றன.

அமைவிடம்

ஊலர் ஏரி காஷ்மீரப் பள்ளத்தாக்கின் வடமேற்குப் பகுதியில், ஸ்ரீநகருக்கு வடமேற்கே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,580 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பந்திபூர், பாரமுல்லா ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைக்குள் அது கிடக்கிறது. வடக்கிலும் வடகிழக்கிலும் மலைகள் நீர்விளிம்பை நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்கு மேலே ஹரமுக் சிகரம் 5,142 மீட்டர் உயரத்திற்கு எழுந்துள்ளது. மதுமதி, ஏரின் என்னும் இரு சிற்றாறுகள் அம்மலைத் தொடரிலிருந்து இறங்கி ஏரியில் கலக்கின்றன. மேற்குக் கரையில் வட்லப் என்னுமிடத்தில் பாபா சுக்ருதீன் என்ற மகானின் அடக்கத் தலத்தைத் தாங்கிய குன்று ஒன்று உண்டு. அதன் உச்சியிலிருந்து நோக்குவோர்க்கு ஏரி முழுவதும் புலனாகும். தெற்கிலும் கிழக்கிலுமோ மலையும் இல்லை, மேடும் இல்லை. வயல், சதுப்பு, நாணற்காடு, நீர் என்று ஒன்று மற்றொன்றில் கரைந்துவிடுவதால், ஏரி எங்கே தொடங்குகிறதென்று சுட்டிக்காட்டுவது அரிது. ஏரியின் வரலாற்றில் சர்ச்சைக்கு உள்ளான பகுதி இந்தத் தெளிவற்ற எல்லையே ஆகும்.

பரப்பில் பெரியதாயினும் ஊலர் ஆழமான ஏரியன்று. அதன் மிகுதியான ஆழம் 6 மீட்டருக்கு உட்பட்டதே. ஆழமில்லாத அகன்ற நீர்ப்பரப்பின்மீது காற்று வீசும்போது அலைகள் விரைவில் எழும். குறுகிய இடைவெளிகளில் செங்குத்தாக மோதும். பிற்பகலில் மலைகளிலிருந்து இறங்கும் காற்று ஊலரில் படகோட்டிகளின் பழைய பகையாகும். ஆதலின் அவர்கள் முற்பகலிலேயே ஏரியைக் கடந்துவிடுவது வழக்கம். ஏரியின் பெயரும் இதனை ஒட்டியே பிறந்ததென்பர். 'உல்லோல' என்னும் வடசொல்லுக்குப் பேரலை என்பது பொருள். அச்சொல்லே மருவி ஊலர் என்றாயிற்று என்பது ஒரு கருத்து. பிளவு அல்லது வெடிப்பு எனப் பொருள்படும் காஷ்மீரிச் சொல்லிலிருந்து அது வந்ததென்பாரும் உளர்.

நீர் வரும் வழியும் போகும் வழியும்

காஷ்மீரப் பள்ளத்தாக்கு ஒரு கிண்ணத்தை ஒத்தது. வடகிழக்கே இமயத்தின் பெருந்தொடர். தென்மேற்கே பீர் பஞ்சால் தொடர். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இக்கிண்ணம் முழுவதும் ஒரு பேரேரியாக இருந்தது. அவ்வேரியின் அடியில் படிந்த களிமண்ணும் நுண்மணலும் இன்று 'காரேவா' எனப்படும் தட்டையான மேடுகளாக நிற்கின்றன; பாம்பூரின் குங்குமப்பூ விளைவது இம்மேடுகளின் மீதுதான். நிலத்தின் அசைவுகளினால் தென்மேற்குத் தொடர் உயர்ந்தபோது, பாரமுல்லாவுக்கு அருகே மலையை அறுத்துக்கொண்டு நீர் வெளியேறிற்று என்பது புவியியலாரின் முடிவு. சதீசரஸ் என்னும் ஏரியைக் காசியப முனிவர் வடியச் செய்து அந்நிலத்தில் மக்களைக் குடியேற்றினார் என்று நீலமத புராணம் கூறும் கதையும் ஏறத்தாழ இதனையே சொல்கிறது. பழங்கதையும் மண்ணின் சான்றும் இவ்வளவு நெருங்கி அமைவது அபூர்வம்.

அப்பழைய வாயிலே இன்றும் பள்ளத்தாக்கின் ஒரே வடிகாலாகும். வெரிநாக் ஊற்றில் தோன்றும் ஜீலம் ஆறு, அனந்தநாகையும் ஸ்ரீநகரையும் கடந்து, வழியெல்லாம் துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, பன்யாரி என்னும் இடத்தருகே ஊலரில் புகுகிறது. ஏரியின் தென்மேற்கு மூலையிலிருந்து வெளிப்பட்டு, சோப்பூர் வழியாகப் பாரமுல்லாவை அடைகிறது. ஏரிக்கு வந்து சேரும் நீரில் மிகப் பெரும் பகுதி ஜீலம் கொணர்வதே. ஸ்ரீநகருக்கும் ஊலருக்கும் இடையே நிலத்தின் சரிவு மிகக் குறைவு. ஆற்றில் வரும் நீர் திடீரென மிகுந்தாலும், பாரமுல்லாவின் குறுகிய வாயில் அதற்கேற்ப அகலுவதில்லை. எனவே மிகுதியான நீர் எங்கேனும் தங்கியாக வேண்டும். அது தங்குமிடம் ஊலர் ஆகும். குளத்தின் மறுகால் சிறியதாயிருப்பின் குளம் பெரியதாயிருத்தல் வேண்டும் என்பது எந்த உழவரும் அறிந்த கணக்கு. இயற்கை இக்கணக்கின்படியே பாரமுல்லாவுக்கு மேலே ஊலரை வைத்திருக்கிறது.

நீரோடு வண்டலும் வருகிறது. ஓடும் ஆறு தன் வேகத்தால் மண்ணைச் சுமந்து வருகிறது. அகன்ற ஏரியில் புகுந்தவுடன் வேகம் தளர்ந்து சுமையை இறக்கிவிடுகிறது. பருமணல் ஆற்றின் முகத்திலேயே விழும். நுண்ணிய களிமண் தொலைவு சென்று படியும். இவ்வாறு ஜீலம் புகும் தென்கிழக்குப் பகுதியில் ஒரு கழிமுகம் உருவாகி மெல்ல மெல்ல ஏரியை நோக்கி முன்னேறுகிறது. எந்த ஏரியும் காலப்போக்கில் தூர்ந்துபோகவே செய்யும். ஆயின், அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ வேண்டிய செயல். காரேவா மண் இறுகாத மண்; மரங்களையும் புல்லையும் இழந்த சரிவுகளிலிருந்து அது மழையில் எளிதில் கரைந்து வரும். மலைச்சரிவுகளில் காடு குறைந்ததும், கட்டட வேலைகளுக்கும் இருப்புப்பாதைக் கரைகளுக்கும் காரேவா மேடுகள் வெட்டப்பட்டதும் ஏரிக்கு வரும் வண்டலின் அளவை உயர்த்தின.

சுய்யனும் சுல்தானும்

ஊலரின் பழம்பெயர் மகாபத்ம சரஸ் என்பது. மகாபத்மன் என்னும் நாகன் அதில் வாழ்வதாக முன்னோர் நம்பினர். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்ஹணர் இயற்றிய இராஜதரங்கிணி, இவ்வேரியின் வெள்ளத்தைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. 9ஆம் நூற்றாண்டில் அவந்திவர்மன் என்னும் அரசன் ஆண்ட காலத்தில், வெள்ளத்தினால் வயல்கள் மூழ்கிப் பஞ்சம் நிலவியது. அப்போது சுய்யன் என்பவன், பொருள் மட்டும் கிடைத்தால் இதனைத் தீர்த்துவைப்பேன் என்று கூறிவந்தானாம். மட்பாண்டத்தில் இட்டு எறியப்பட்ட குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவன் அவன். வளர்த்த பெண்ணின் பெயரே அவனுக்கும் பெயராயிற்று. அரசனிடம் பொற்காசுகளைப் பெற்ற சுய்யன், படகில் சென்று, பாறைகள் உருண்டு விழுந்து ஆற்றை அடைத்திருந்த இடங்களில் அவற்றை நீருக்குள் வீசினான். அதனைப் பைத்தியச் செயலென்று அரசவையினர் நகைத்தனர். ஆனால், பசித்திருந்த மக்கள் காசைத் தேடி நீரில் இறங்கிப் பாறைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டனர். பின்னர் ஆற்றை ஏழு நாள் அணையிட்டுத் தடுத்து, அடியைத் துப்புரவு செய்து திறந்துவிட்டபோது, வெள்ளம் வடிந்து நிலம் வெளிப்பட்டது. முன்பு ஒரு காரி நெல் 200 தினாருக்கு விற்றது 36 தினாருக்கு இறங்கிற்று என்று கல்ஹணர் விலையையும் குறித்து வைத்திருக்கிறார். சுய்யனின் பெயரால் அமைந்த சுய்யபுரமே இன்றைய சோப்பூர்.

காசு வீசிய கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அலங்காரம் என்பது ஒருபுறம் இருக்க, அதில் உள்ள பொறியியல் அறிவு கவனிக்கத்தக்கது. சுய்யன் வெள்ளத்தை எதிர்த்து ஏரியைச் சுருக்க முற்படவில்லை. முதலில் வடிகாலைத் திருத்தினான். அதன் பின்னரே வெளிப்பட்ட நிலத்திற்குக் கரையிட்டு ஊர்களை அமைத்தான். பிற்காலத்தில் நிகழ்ந்தது பெரும்பாலும் இதன் தலைகீழ்.

15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன், ஏரியின் நடுவே புயலில் சிக்கும் படகுகள் ஒதுங்குவதற்கென ஒரு தீவை அமைத்தார். ஜைனா லங்க் எனப்படும் அத்தீவு 1443-44ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கரை தெரியாத நீர்நடுவே எழுப்பப்பட்ட அத்தீவைச் சுற்றிலும் நாளடைவில் வண்டல் மேடிட்டது. நீர் குன்றிய காலத்தில் அதனை நடந்தே அடையலாம் என்ற நிலை பின்னர் ஏற்பட்டது. ஏரி எவ்வளவு தூர்ந்துள்ளதென்பதற்கு இதனினும் எளிய அளவுகோல் வேண்டியதில்லை.

அதன் பின்னரும் வெள்ளங்கள் நின்றபாடில்லை. 1893இலும் 1903இலும் ஸ்ரீநகரம் பெருவெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. 1903 வெள்ளத்திற்குப் பின்னர், நகருக்கு மேலே பாதுஷாஹி பாக் என்னுமிடத்திலிருந்து ஒரு வெள்ளக் கால்வாய் வெட்டப்பட்டு, நீரின் ஒரு பகுதி நகரைச் சுற்றி ஊலரை நோக்கித் திருப்பப்பட்டது. பாரமுல்லாவுக்கு அருகே ஆற்றைத் தூர்வாரும் பணியும் எந்திரங்களைக் கொண்டு நடைபெற்றது. இவ்விரு பணிகளும் ஊலர் தன் முழு அகலத்தோடு கீழே காத்திருக்கிறது என்ற எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டவை.

ஏரியின் உயிர்கள்

ஏறி இறங்கும் நீர்மட்டத்தினால் ஏரிக்கு விளையும் நன்மை பெரிது. நீர் விலகிய சேற்றில் புல்லும் கோரையும் முளைக்கின்றன, கால்நடைகள் மேய்கின்றன. மீண்டும் நீர் ஏறும்போது அச்செடிகள் மூழ்கி அழுகி, நீருக்கு உரமாகின்றன. அவ்வுரத்தைக்கொண்டு நுண்ணிய பாசிகளும், பாசிகளை உண்டு சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை உண்டு மீன்குஞ்சுகளும் பெருகுகின்றன. ஆழமில்லாத இளஞ்சூடான விளிம்பு நீரே ஏரியின் சமையற்கூடம் எனலாம். நடு ஏரியைக் காட்டிலும் இந்த விளிம்பில்தான் உயிர்ச்செல்வம் மிகுதி.

விளிம்பின் கோரையையும் நாணலையும் அடுத்து, மிதக்கும் இலைகளையுடைய செடிகள் வளர்கின்றன. அவற்றுள் மக்களுக்கு மிகவும் பயன்படுவது 'சிங்காரா' எனப்படும் செடியாகும். அதன் காய் கறுத்த கடினமான ஓட்டையும் கூரிய முட்களையும் உடையது; உள்ளிருக்கும் பருப்பு வெண்மையானது. முதிர்ந்த காய்கள் உதிர்ந்து சேற்றில் அமிழ்ந்துவிடும். இலையுதிர் காலத்திலும் குளிர் தொடங்கிய பின்னரும், கரையோரச் சிற்றூர்களின் ஆடவரும் பெண்டிரும் படகுகளில் சென்று அவற்றை வாரி எடுக்கின்றனர். காயை உலர்த்தி, ஓட்டை நீக்கி, பருப்பை மாவாக்குவர். தானியம் விளையாத ஆண்டுகளில் சிங்காரா மாவே ஏரிக்கரை மக்களின் உயிரைக் காத்தது. விரத நாட்களில் தானியத்தைத் தவிர்ப்போர் வட இந்தியாவெங்கும் இம்மாவை உண்பது வழக்கமாதலால் அதற்கு இன்றும் நல்ல விலை உண்டு. தாமரையோ அழகுக்காக மட்டுமன்றி உணவுக்காகவும் மதிக்கப்படுகிறது. சேற்றுக்குள் படரும் அதன் தண்டினை 'நத்ரு' என்பர்; தயிரோடும் மீனோடும் அதனைச் சமைப்பது காஷ்மீரச் சமையலின் சிறப்புகளுள் ஒன்று.

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பிடிபடும் மீனில் பாதிக்கு மேற்பட்டது ஊலரிலிருந்து கிடைப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். இம்மீன்களில் இரு பிரிவுகளைக் காணலாம். ஒன்று, 'ஸ்கைசோதொராக்ஸ்' என்னும் இனத்தைச் சேர்ந்த உள்நாட்டு மீன்கள். மற்றொன்று, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட சாதாக் கெண்டை. உள்நாட்டு மீன்கள் முட்டையிடுவதற்குக் குளிர்ந்த, தெளிந்த, கூழாங்கற்கள் நிறைந்த ஓடைகளைத் தேடி நீரோட்டத்திற்கு எதிராக ஏறிச் செல்ல வேண்டும். ஓடையின் அடியில் மணல் அள்ளப்பட்டாலோ, சேறு மூடினாலோ அவற்றின் இனப்பெருக்கம் தடைப்படும். கெண்டைக்கு இத்தகைய பயணம் வேண்டியதில்லை. கலங்கிய நீரிலும், களைச்செடிகளின்மீதே அது முட்டையிடும். சேற்றைக் கிளறி இரை தேடும் பழக்கத்தால் நீரை அது மேலும் கலக்குகிறது. ஆகவே ஏரி கலங்கக் கலங்க, உள்நாட்டு மீன் குறைந்து கெண்டை பெருகியதில் வியப்பில்லை. வலையில் விழும் மீனின் எடையை மட்டும் பார்த்தால் இந்த மாறுதல் தெரியாது.

குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இங்கு வருகின்றன. ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன், நாமத்தலை வாத்து, நாமக்கோழி முதலியவை அவற்றுள் சில. நீர் சுருங்கிச் சேறு வெளிப்படும் அக்காலமே அவற்றுக்கு ஏற்றது. வாத்துகளுள் பல ஆழத்தில் மூழ்கி உண்பவை அல்ல, தலையை மட்டும் கவிழ்த்து இரை எடுப்பவை. இவ்வேரியின் முக்கியத்துவத்தைக் கருதி, 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது சேர்க்கப்பட்டது.

வில்லோ மரங்கள்

ஏரியின் தென்புறத்தில், நிங்லிக்கு அருகேயுள்ள சதுப்பு நிலத்தில் 1924ஆம் ஆண்டில் வில்லோ மரங்கள் நடப்பட்டன. நோக்கம் தீயதன்று. நீண்ட குளிர்காலத்தையுடைய நாட்டில் விறகு இன்றியமையாதது. மலைக்காடுகளைக் காப்பாற்ற வேண்டுமானால் விறகு வேறிடத்தில் விளைய வேண்டும். வில்லோ ஈரமண்ணில் விரைந்து வளர்வது. வெட்டிய கிளையை நட்டாலே துளிர்ப்பது. அதன் மிலாறுகளைக்கொண்டு காங்கிரி எனப்படும் கணப்புச் சட்டியின் கூடையைப் பின்னுவர். பிற்காலத்தில் கிரிக்கெட் மட்டை செய்யும் தொழிலும் அதனைச் சார்ந்து வளர்ந்தது. ஆண்டில் பாதிநாள் சும்மா கிடக்கும் சேற்று நிலம் பயன்பட்டதே என்று அன்றைய அதிகாரிகள் மகிழ்ந்திருப்பர்.

ஆனால் அந்நிலம் சும்மா கிடக்கவில்லை. மற்றப் பாதி ஆண்டில் அது ஏரியாக இருந்தது. மரங்கள் அடர்ந்து நின்ற இடத்தில் நீரின் வேகம் குறைந்தது. வேகம் குறைந்த நீர் வண்டலை அங்கேயே இறக்கியது. வண்டல் சேர்ந்து நிலம் உயர்ந்தது. உயர்ந்த நிலத்திற்கு அப்பால் புதிய சேறு தோன்றியது. அதிலும் மரம் நடப்பட்டது. இவ்வாறு மரமும் மண்ணும் ஒன்றுக்கொன்று துணையாக ஏரிக்குள் முன்னேறின. அவற்றின் பின்னே நெல்வயல் வந்தது.

இதன் விளைவை 2007ஆம் ஆண்டில் ஈரநில நிபுணர்கள் தயாரித்த மேலாண்மைத் திட்ட அறிக்கை எண்களில் காட்டிற்று. 1911இல் 157.74 சதுர கிலோமீட்டராக இருந்த ஏரிப்பரப்பு 86.71 சதுர கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. இழந்தது நூற்றுக்கு 45 பங்கு. அதில் 28 பங்கு பயிர்நிலமாகவும், 17 பங்கு வில்லோத் தோப்பாகவும் மாறியிருந்தது.

இவ்விழப்பின் பொருளை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் உயரத்திற்கு நிற்கும் நீரின் அளவு 10 லட்சம் கனமீட்டர். இழந்த 71 சதுர கிலோமீட்டரில் ஒரு மீட்டர் நீர் நின்றிருக்குமாயின் அது 7 கோடியே 10 லட்சம் கனமீட்டர் ஆகும். வடிகால் கடத்தக்கூடிய அளவைக் காட்டிலும் நொடிக்கு 1,000 கனமீட்டர் வீதம் மிகுதியாக நீர் வரும் ஒரு வெள்ளத்தை, இவ்விடம் ஏறத்தாழ 20 மணி நேரம் தாங்கியிருக்கும். வெள்ளக் காலத்தில் 20 மணி நேரம் என்பது ஒரு நகரின் மக்கள் வெளியேறப் போதுமான அவகாசம். வயலாகவும் தோப்பாகவும் ஆன நிலம் பெருவெள்ளத்தில் மூழ்கத்தான் செய்யும். எனினும், மேடிட்ட நிலத்தின்மீது நிற்கும் நீர் முன்போல் ஆழமானதன்று. மேலும், அங்கு மூழ்குவது வெறும் சேறன்று. ஓர் உழவரின் ஆண்டுப் பயிர்.

1992இல் வந்த வெள்ளம் ஏரியின் அடியில் பெருமளவு வண்டலைப் பரப்பியது. தாமரைக் கொடிகள் அதனடியில் புதையுண்டன. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சில நாட்கள் இடையறாது பெய்த பெருமழையினால் ஜீலம் கரைகடந்து ஸ்ரீநகரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. தாழ்ந்த பகுதிகளில் வாரக்கணக்கில் நீர் நின்றது. அவ்வெள்ளத்திற்கு ஊலரின் சுருக்கம் மட்டுமே காரணமென்று கூறுதல் பொருந்தாது. மழையின் அளவே மிகப் பெரிது. நகரைச் சூழ்ந்திருந்த ஹோகர்சர் முதலிய சதுப்புகளும் வண்டலாலும் கட்டடங்களாலும் குறுகியிருந்தன. வெள்ளக் கால்வாயும் தூர்ந்திருந்தது. ஆயினும் இவை யாவும் ஒரே பிழையின் வெவ்வேறு வடிவங்கள்.

அணையும் உடன்படிக்கையும்

ஏரியின் வாயிலைப் பற்றி மற்றொரு சர்ச்சையும் உண்டு. குளிர்காலத்தில் ஜீலத்தில் படகு செல்லப் போதுமான ஆழம் இருப்பதில்லை. இதற்கென ஏரியிலிருந்து ஆறு வெளிப்படும் இடத்தில் மதகோடு கூடிய ஒரு கட்டுமானத்தை அமைக்கும் வேலை 1984இல் தொடங்கப்பட்டது; துல்புல் போக்குவரத்துத் திட்டம் என்பது அதன் பெயர். 1960ஆம் ஆண்டின் சிந்துநதி உடன்படிக்கைக்கு இது முரணானதென்று பாகிஸ்தான் எதிர்ப்புத் தெரிவித்ததால், 1987இல் வேலை நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவ்வுடன்படிக்கையை இந்தியா நிறுத்திவைத்ததைத் தொடர்ந்து இத்திட்டம் மீண்டும் பேசப்படலாயிற்று. அரசியல் ஒருபுறம் இருக்க, குளிர்கால நீர்மட்டத்தை உயர்த்துவது படகுக்கும் மின்நிலையத்துக்கும் உதவுமாயினும், சேற்று விளிம்பை நம்பியுள்ள பறவைகளுக்கும் செடிகளுக்கும் அது என்ன செய்யும் என்பது தனியே ஆராயப்பட வேண்டிய வினா.

மீட்புப் பணி

2012இல் ஊலரைப் பேணுவதற்கெனத் தனி ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் வேலை ஏரிக்கு எல்லை வகுப்பது. மேலே கூறப்பட்ட காரணத்தால் இஃது எளிய வேலையன்று; எந்த மாதத்து நீர்விளிம்பை எல்லையாகக் கொள்வது என்பதே முதற் கேள்வி. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் பரப்பு ஏரியென வரையறுக்கப்பட்டு, அதனைச் சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எல்லைக் கற்கள் நடப்பட்டன. அப்பரப்பில் 27 சதுர கிலோமீட்டர் மிகக் கடுமையாகத் தூர்ந்திருப்பதாகக் கண்டனர். முதற்கட்டமாகச் சுமார் 5 சதுர கிலோமீட்டரில் வண்டல் அகற்றப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தூர்வாரவும் எந்திரங்கள் வாங்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குச் சுய்யனின் பெயரையும், மற்றொன்றுக்குச் சுல்தான் ஜைனுல் ஆபிதீனின் பட்டப்பெயரான 'புத்ஷா' என்பதையும் இட்டது பொருத்தமானதே.

மரங்களை அகற்றுவது இதனினும் கடினமாயிற்று. 2007ஆம் ஆண்டு அறிக்கை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்லோ மரங்களை அகற்றப் பரிந்துரைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை வெட்டப்பட்டன. வெட்டிய அடிமரத்தை வேரோடு பெயர்க்காவிடில் வில்லோ மறுபடியும் துளிர்க்கும். பெயர்த்தாலும் அதன்கீழ் ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த மேட்டு மண் அப்படியே நிற்கும். அதனையும் வெட்டி அப்புறப்படுத்தினால்தான் நீர் திரும்பும். அஃதன்றி, மரம் வெட்டுவதை மட்டும் கேள்வியுறும் பொதுமக்கள் அதனைச் சூழலுக்கு இழைக்கப்படும் தீங்கு என்றே கருதுவது இயல்பு. மரம் எங்கும் நன்மை பயக்கும் என்ற எண்ணம் ஆழ்ந்து வேரூன்றியது. மலைச்சரிவில் நிற்கும் மரம் மண்ணைப் பிடித்து ஏரியைக் காக்கிறது; ஏரிக்குள் நிற்கும் மரம் அதே மண்ணைப் பிடித்து ஏரியைத் தூர்க்கிறது. விறகுக்கும் கூடைக்கும் மட்டைத் தொழிலுக்கும் தோப்பை நம்பியிருப்போருக்கு வேறு வழி காட்டப்பட வேண்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

தூர்வாருதல் வந்து சேர்ந்த மண்ணை அகற்றுமேயன்றி, வரும் மண்ணைத் தடுக்காது. அதற்கு மதுமதி, ஏரின் முதலிய சிற்றாறுகளின் சரிவுகளில் புல்லும் காடும் நிலைபெற வேண்டும். ஜீலத்தின் முகத்தருகே வண்டல் தங்கும் பள்ளங்களை அமைத்து, அவற்றை ஆண்டுதோறும் ஒழித்துவர வேண்டும். ஸ்ரீநகர் முதலிய ஊர்களின் கழிவுநீரும் ஆற்றின் வழியே ஏரிக்கு வருகிறது. அக்கழிவில் உள்ள சத்துப்பொருள்களால் களைச்செடிகள் மிதமிஞ்சி வளர்ந்து, பின் அழுகி, அடிநீரில் உயிர்வளியைக் குறைக்கின்றன. வண்டலுக்குரிய பரிகாரம் இதற்குப் பயன்படாது.

எனினும், தூர்வாரிய பகுதிகளில் ஒரு மாறுதல் தென்பட்டது. 1992 வெள்ளத்திற்குப் பின்னர் ஊலரில் ஏறத்தாழ மறைந்தே போயிருந்த தாமரை, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் இலைவிட்டு, 2025ஆம் ஆண்டு கோடையில் பரந்து மலர்ந்தது. தாமரை விதையின் ஓடு மிகக் கடினமானது. காற்றுப் புகாத சேற்றில் நெடுங்காலம் முளைக்கும் ஆற்றலோடு கிடக்கவல்லது. மேலே மூடியிருந்த வண்டல் நீங்கியதும் ஒளியும் வெப்பமும் எட்டி அவை முளைத்திருக்கலாம். ஆணையத்தினரும் விதைகளைத் தூவியிருந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் கரையோர ஊர்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையினர் ஊலரின் தாமரையைக் கண்டதில்லை. நத்ரு எடுக்கும் முறையை, அத்தொழிலை முன்பு செய்திருந்த முதியோரிடமிருந்தே அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.